அழுத்தம் கூடினால் மங்கும் பூச்சு

சுழலும் பிளேடின் மேல் காற்று எந்த இடத்தில் எவ்வளவு அழுத்துகிறது என்று அளப்பது எளிதல்ல. கடலூர் மாவட்டத்து நெய்வேலியில் மின்சாரம் தரும் டர்பைன்கள் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுகின்றன. அந்த வேகத்தில், அச்சிலிருந்து ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் புள்ளி வினாடிக்கு 314 மீட்டர் ஓடும். இப்படிப்பட்ட பரப்பில் ஊசித்துளை போட்டு, நுண்குழாய் பதித்து, அளவைச் சுழலும் அச்சின் வழியே வெளியே எடுக்க வேண்டும். அத்தனை பாடுபட்டாலும் துளையிட்ட இடங்களின் அழுத்தம் மட்டுமே தெரியும். இடைப்பட்ட பரப்பெல்லாம் ஊகம்தான்.

இதற்கு வழி செய்வது ஒளிரும் பூச்சு. பிளாட்டினம் போர்ஃபிரின் போன்ற சாயத்தை, ஆக்சிஜன் உள்ளே புகக்கூடிய பாலிமரில் கலந்து, வெள்ளை அடிப்பூச்சின் மேல் மெல்லிய படலமாகத் தெளிக்கிறார்கள். புறஊதா ஒளி பட்டால் சாயம் சிவப்பாக ஒளிரும். ஆக்சிஜன் மூலக்கூறு அதில் மோதினால், ஒளியாக வரவேண்டிய ஆற்றலை வாங்கிக்கொண்டுவிடும். அழுத்தம் கூடிய இடத்தில் ஆக்சிஜன் மிகுந்து ஒளி மங்கும். குறைந்த இடம் பளிச்சென்று தெரியும். காற்று ஓடாதபோது ஒரு படம், ஓடும்போது ஒரு படம்: இரண்டின் விகிதத்திலிருந்து பரப்பு முழுவதன் அழுத்தமும் கிடைத்துவிடும். 1980-களில் சோவியத் ஒன்றியத்திலும் அமெரிக்காவிலும் வளர்ந்த இம்முறையைப் பெங்களூரு தேசிய வானூர்தி ஆய்வகமும் காற்றுச் சுரங்கச் சோதனைகளில் கையாண்டிருக்கிறது.

அசையாத மாதிரிக்கு இது போதும். சுழலும் பிளேடோ வளைந்து, இடம்மாறி, வேறு வெளிச்சத்தில் நிற்பதால் இரு படங்களும் பொருந்தா. அதனால் ஒரே லேசர் துடிப்பை அடித்து, பூச்சின் ஒளி எவ்வளவு விரைவில் அணைகிறது என்று பார்க்கிறார்கள். அடுத்தடுத்து இரண்டு படங்கள் எடுத்தால் போதும். அழுத்தம் கூடக்கூட ஒளி சீக்கிரம் அணையும். ஆனால் 10 மைக்ரோவினாடி ஒளிர்வதற்குள் மேலே சொன்ன புள்ளி 3 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். அந்தக் கலங்கலைக் கணினியில் பிரித்தெடுப்பதே இத்துறையின் கடினமான பகுதி.

டர்பைனுக்குள் ஓடுவது நீராவி. அதில் ஆக்சிஜன் இல்லாததால் பூச்சு எதையும் சொல்லாது. பிளேடின் வடிவத்தைக் காற்றோட்டச் சோதனைக் கூடத்தில்தான் ஆராய முடியும். கொதிகலனுக்குக் காற்றைத் தள்ளும் எஃப்.டி. ஃபேன் காற்றில் ஓடுவதால் அதற்கு இந்தத் தடை இல்லை. வேகம் மட்டும் போதிய அளவு வேண்டும். வினாடிக்கு 30 மீட்டர் வேகக் காற்று ஏற்படுத்தும் அழுத்த மாற்றம், வளிமண்டல அழுத்தத்தில் சுமார் அரை சதவீதமே. பூச்சின் வெப்பநிலை ஒரு டிகிரி மாறினாலே ஒளி கிட்டத்தட்ட ஒரு சதவீதம் மாறிவிடும். ஆகவே பக்கத்துப் பிளேடில் வெப்பத்துக்கு மட்டும் மங்கும் வேறொரு பூச்சைப் பூசி, அதன் அளவைக் கொண்டு முதல் பூச்சின் கணக்கைத் திருத்துகிறார்கள்.