கம்பம் பள்ளத்தாக்கும் சைக்கிள் பிரயாணமும்

பிரெஞ்சு தேசத்துக் கிராமச் சாலைகளிலே சைக்கிளேறி, ஏரிகளையும் குன்றுகளையும் திராட்சைத் தோட்டங்களையும் கண்டு வருதல் பெரும் பாக்கியமென்று நம்மவருட் பலர் பேசக் கேட்கிறோம். பாக்கியமே; அதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் ஏரியும் குன்றும் திராட்சையும் ஒருங்கே அமைந்த பூமி நம் பாண்டி நாட்டிலேயே இருப்பதை இவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. மதுரை ஜில்லாவினின்றும் 1996ஆம் வருஷத்தில் பிரிக்கப்பட்ட தேனி ஜில்லாவைச் சேர்ந்த கம்பம் பள்ளத்தாக்கையே இங்கே குறிப்பிடுகிறோம்.

அப்பள்ளத்தாக்கின் மேற்கு ஓரத்தில், மலையடிவாரத்திலே, கோம்பைக்கும் தேவாரத்திற்கும் நடுவே பண்ணைப்புரம் இருக்கிறது. 1943இல் இளையராஜா பிறந்த ஊர் அது. பெயரைக் கேட்டவர் லக்ஷக்கணக்கினர். ஊரைக் கண்டவர் மிகச் சிலர். நம் யாத்திரைக்கு அவ்வூரையே தலைவாயிலாகக் கொள்வோம். 2010இல் நிறுத்தப்பட்ட ரயில் 2023 ஜூன் முதல் மீண்டும் போடிநாயக்கனூர்வரை வருகிறதாகலின், தொலைவிலுள்ளோர் அங்கிறங்கித் தேவாரம் வழியாகப் பண்ணைப்புரத்தை அடையலாம். இடப்புறம் வயல்களும் வலப்புறம் மலையுமாகச் செல்லும் அவ்வழியே, பின்னே காணப்போகும் காட்சிகளுக்குத் தக்கதோர் முகவுரையாகும்.

முதல் வழி சமவெளி வழி. பண்ணைப்புரத்தினின்று கோம்பை, உத்தமபாளையம், கம்பம், சுருளிப்பட்டி என்று சென்று சுருளி அருவியில் முடிவது. ஏற்றம் சிறிது, புதிதாகப் பழகுவோர்க்கும் ஏற்றது. வழியிலே நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும், சுருளிப்பட்டியை அணுகுமிடத்துத் திராட்சைப் பந்தல்களும் உண்டு. இத்திராட்சையை 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழ்நாட்டிற்குக் கொணர்ந்தார் என்பர். அவ்வித்து இங்கே வேரூன்றிப் பன்னீர் திராட்சையென்று பெயர் பூண்டு, ஆண்டு முழுவதும் அறுவடை தந்து, 2023இல் கம்பத்தின் பெயராலேயே புவிசார் குறியீடும் பெற்றது. பிரெஞ்சு தேசத்தினின்று வந்ததை நம் உழவர் நம்முடையதாக்கிக் கொண்டனர். அத்தேசத்துச் சைக்கிள் வழக்கத்தையும் அவ்வாறே நம்முடையதாக்கிக் கொள்ளத் தடை யாது?

இரண்டாவது, ஏரி வழி. கம்பத்தினின்று கூடலூர், லோயர் கேம்ப் கடந்து, மலைப்பாதையேறிக் குமுளியை அடைந்தால், அடுத்தது தேக்கடி ஏரி. கம்பத்திலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர் ஏற வேண்டும், கால்கள் நோகும், ஆனால் இடையிடையே நின்று திரும்பிப் பார்ப்பவனுக்குப் பள்ளத்தாக்கு முழுவதும் பச்சைக் கம்பளம்போல் விரிந்து கிடக்கும். இவ்வேரி இயற்கையின் செயலன்று. மேற்கே பாய்ந்து அரபிக் கடலிற் கலந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பிய முயற்சியின் பயன். 1886இல் திருவிதாங்கூருடன் 999 வருஷத்துக் குத்தகை ஒப்பந்தம். 1887இல் வேலைத் தொடக்கம். 1895இல் அணை நிறைவு. இஞ்சினீயர் பென்னிகுவிக்கின் பெயரை இந்நாட்டார் பொங்கல் வைத்துக் கொண்டாடுகின்றனர். லோயர் கேம்பிலே அவருக்கு மணிமண்டபமும் உண்டு. காட்டிலே நோயாலும் விபத்தாலும் மாண்ட கூலியாட்களுக்கோ பெயருமில்லை. மலைப்பாதையேறிச் செல்பவர் அவர்களையும் நினைத்தல் தகும்.

அணைநீர் இறங்கி வந்து, லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டிவரை 14,707 ஏக்கரில் இருபோகம் விளைவித்து, வைகையிற் சேர்கிறது. அப்பெருக்கைத் தேக்கும் வைகை அணை 1959இல் திறக்கப்பட்டது. தேனியினின்று அவ்வணைக்குச் சென்று வருதலை ஏரி வழியின் மறுபாதியாகக் கொள்ளலாம். ஒரே நீரை மலைமேல் ஒருமுறையும் சமவெளியில் மறுமுறையும் காணும் இன்பம் நடையினும் விரைந்து மோட்டாரினும் மெல்லச் செல்லும் சைக்கிள்காரனுக்கே உரியது.

மூன்றாவது, மலை வழி. சின்னமனூரினின்று தென்பழனி வனச்சாவடி வழியாக மேகமலைக்கு ஏறுவது. இதில் 18 கொண்டையூசி வளைவுகள் உள்ளன; ஒவ்வொன்றிற்கும் நம் பழந்தமிழ் நூல்களிற் காணும் மலரொன்றின் பெயரை இட்டிருக்கின்றனர். பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் ஆல்ப் துவெஸ் என்னும் ஏற்றம் உலகப் பிரசித்தமானது. அதன் 21 வளைவுகளில் பந்தயத்தில் வென்றோரின் பெயர்களைப் பொறித்துள்ளனர். அங்கே வீரர் பெயர், இங்கே மலர் பெயர்! நம் வழக்கம் தாழ்ந்ததன்று. ஆனால் மேகமலை 2021 முதல் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது; யானைகள் உலவும் காடு. வனத்துறையார் குறிக்கும் நேரத்திற்குள் ஏறி இறங்குதல் வேண்டும். இருட்டியபின் அங்கே துணிவு காட்டுதல் வீரமன்று, பேதைமையாகும்.

பருவத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. ஆனி முதல் ஆவணிவரை மேல்காற்று கணவாய்களின் வழியே புகுந்து பலமாக வீசும். அக்காலத்திற் காலையிலே காற்றை எதிர்த்துக் கம்பத்தை நோக்கிச் சென்று, மாலையிற் காற்றை முதுகில் வாங்கித் திரும்புவதே அறிவு. கார்த்திகை, மார்கழி மாதங்களில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் குமுளிச் சாலையில் நெருங்குமாதலாலும், போக்குவரத்தைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவதுண்டு ஆதலாலும், அப்போது மலைப்பாதைகளைத் தவிர்த்தல் நன்று. தை, மாசி மாதங்களே மிகவும் உகந்தவை.

பிரெஞ்சு தேசத்தார் இவ்விஷயத்தில் மேம்பட்டது எங்ஙனம்? அவர்களுடைய மலைகள் நம்முடையவற்றினும் அழகியவை என்பதாலன்று. தூர் து பிரான்சு என்னும் மாபெரும் பந்தயத்தை 1903இல் தொடங்கியது ஸர்க்காரன்று. லோட்டோ என்ற பத்திரிகை. விற்பனையைப் பெருக்கவே அது தொடங்கிற்று. எனினும் அதன் வாயிலாக ஜனங்கள் தங்கள் தேசத்தின் மலைகளையும் சிற்றூர்களையும் அறிந்தனர். அதற்கு முன்பே, 1887இல், சேந்த் எத்தியேன் நகரில் வெலோசியோ என்னும் புனைபெயர் கொண்ட போல் து விவி சைக்கிளுக்கென்றே பத்திரிகை நடத்தி, பந்தயத்திற்கன்றி நாட்டைக் காண்பதற்கே சைக்கிள் என்று பிரசாரம் செய்தார். ஏற்றத்தில் எளியோரும் ஏறும்படி பல பற்சக்கரங்கள் வேண்டுமென்று வாதாடினார். பந்தயக்காரர் அதை இகழ்ந்தனர். 1937இல்தான் தூர் பந்தயத்தில் அதனை அனுமதித்தனர். அவர் அதைக் காணவில்லை. 1930இல் வீதியில் டிராம் வண்டி மோதி மாண்டார். சைக்கிளின் தீர்க்கதரிசியையே பெரிய வண்டி பலி கொண்டது!

பிற்காலத்தில் அத்தேசத்தார் இதற்குப் பரிகாரம் தேடினர். 17ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட மிதி கால்வாயின் கரையிலே, படகிழுத்த குதிரைகள் நடந்த தடத்திற் பல பகுதிகள் இன்று சைக்கிள் வழியாக விளங்குகின்றன. அன்னசி ஏரியின் மேல்கரையில் கைவிடப்பட்ட ரயில் பாதையையே சைக்கிள் பாதையாக்கினர். காசைக் கொட்டிப் புதிய பூமியை வாங்கவில்லை; இருந்ததைச் செப்பனிட்டனர்.

நம் பள்ளத்தாக்கிலோ ஆற்றுக் கால்வாய்களின் கரைகளும் பதினெட்டாம் கால்வாயின் கரையும் நெடுந்தூரம் கிடக்கின்றன. தேனியிலிருந்து குமுளி செல்லும் தேசிய நெடுஞ்சாலையிலோ லாரியும் பஸ்ஸும் காரும் பாய்கின்றன. அச்சாலையின் ஓரத்து மண்ணிலே சைக்கிள் மிதிப்பவர் யார்? உல்லாசப் பிரயாணிகளல்லர். அரசாங்கம் வழங்கிய இலவசச் சைக்கிளில் பள்ளிக்குச் செல்லும் நம் பெண்களும் பிள்ளைகளும். விடியற்காலத்தே தோட்டத்திற்குப் புறப்படும் கூலிக்காரரும். 2001இல் ஆதிதிராவிட, பழங்குடிப் பெண்களுக்கென்று தொடங்கிப் பின்னர் எல்லா மாணவர்க்கும் விரிந்த அத்திட்டம் தமிழ்நாட்டிற்குப் பெருமையே. ஆனால் சைக்கிளைக் கொடுத்த கை சாலையைக் கொடுக்கவில்லையே! நீந்தத் தெரியாதவனுக்குத் தோணியைக் கொடுத்துத் துடுப்பை மறுப்பதற்கு இது ஒப்பாகும்.

மலைமேலிருந்து நீர் இறங்கி வருகிறது. கீழேயிருந்து தொழிலாளர் ஏலத் தோட்டங்களுக்கு ஜீப்புகளில் நெருங்கி ஏறிச் செல்கின்றனர். இவ்விரண்டாலும் வாழும் பள்ளத்தாக்கிலே சைக்கிள் வழியென்பது வந்துபோவோரின் விளையாட்டு மாத்திரமன்று. அங்கே வாழ்வோரின் உயிர்க்காவல். இவ்விரண்டையும் பிரித்துப் பேசுவோர் விஷயத்தை உணராதவரே. பள்ளிச் சிறுமி அஞ்சாது செல்லும் வழியே பரதேசத்தானும் விரும்பி வரும் வழியாகும். அவள் அஞ்சும் வழியில் எவ்வளவு அழகிருந்தும் பயனில்லை.

சட்டத்தையும் சிறிது கூறுவோம். இந்தியப் பிரஜை ஒவ்வொருவர்க்கும் தேசமெங்கும் தடையின்றிச் சஞ்சரிக்கும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19ஆவது ஷரத்து அளிக்கிறது. அதில் மோட்டார் உடையான், உடையாதான் என்ற பேதமில்லை. சைக்கிள்காரன் சாலையில் இடங்கேட்பது யாசகமன்று. தன் பாத்தியதையைக் கேட்கிறான்.

கால்வாய்க் கரைகளைத் திறந்தால் ஆக்கிரமிப்பும் மோட்டார் சைக்கிளின் உபத்திரவமும் பெருகுமென்று சிலர் ஆக்ஷேபிக்கலாம். ஆளரவமற்ற கரையையே ஆக்கிரமிப்பவன் நாடுவான். நாள்தோறும் ஜனங்கள் செல்லும் கரையைக் கவர்தல் அரிது. மோட்டாரைத் தடுக்க வாயிலில் இரண்டு கற்றூண்கள் போதும். நீர்ப்பாசன வேலைக்கு இடையூறு நேராதவாறு விதிகளை நீர்வளத் துறையாரே வகுக்கட்டும்.

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. நெடுஞ்சாலையின் இருமருங்கும் சைக்கிளுக்கெனத் திடமான தனி ஓரம். கால்வாய்க் கரைகளில் தகுந்த பகுதிகளைச் சைக்கிள் வழியாக்குதல். பள்ளி கூடும் வேளையிலும் கலையும் வேளையிலும் ஊர் எல்லைக்குள் வேகத்தைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தல். அடுத்துக் கூடும் கிராம சபைகளில் இவற்றைத் தீர்மானங்களாக நிறைவேற்றி, பேரூராட்சிகளிலும் பிரேரேபித்து, கலெக்டருக்கு அனுப்புமாறு அப்பகுதித் தொண்டர்களை வேண்டுகிறோம். தலைநகரிலுள்ள அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை: பிரெஞ்சு தேசத்திற்குச் சீட்டு வாங்குமுன் போடிக்கு ஒரு சீட்டு வாங்குங்கள். அங்கே ஒரு வாரம் மிதித்துப் பார்த்தபின், இத்தீர்மானங்களின் அவசியத்தை உங்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியிராது.