பழுப்பு முட்டையெல்லாம் நாட்டு முட்டையா?

"அசல் நாட்டுக் குஞ்சும்மா! ஆறையும் எடுத்துக்குங்க" என்று கூடைக்காரர் சொன்னதும் நான் மறுபேச்சுப் பேசவில்லை. கொல்லையில் பஞ்சாரம் சும்மாத்தானே கிடந்தது! ஆறாவது மாதத்தில் கோழிகள் முட்டையிட ஆரம்பித்தன. நல்ல பழுப்பு நிறம், பெரிசு பெரிசாக! எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த வீட்டு அக்காவின் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். "நாட்டு முட்டைன்னா விலையைப் பத்திக் கவலையில்லை, எனக்கே கொடுத்துடு" என்றார் அக்கா. கடை முட்டையைப் போல் இரண்டு மடங்கு விலைக்கு, இரண்டு மாதம் கொடுத்தேன்.

ஊரிலிருந்து வந்த அம்மாதான் குட்டை உடைத்தாள். "பதினஞ்சு முட்டை போட்டா நாட்டுக்கோழி அடைக்கு உட்காரும். உன் கோழி ஒண்ணுகூட உட்காரலையே, என்னடி இது?"

எனக்குத் திக்கென்றது. ஒரு கோழியைக் கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போனேன். டாக்டரம்மா பார்த்த மாத்திரத்தில் சிரித்து விட்டார். "இது கிராஸ் கோழிம்மா. புறக்கடை வளர்ப்புக்குன்னே உருவாக்கின கலப்பினம். வனராஜா, கிராமப்பிரியா எல்லாம் பழுப்பு முட்டைதான் போடும்."

அவர் சொன்னதிலிருந்து நான் தெரிந்துகொண்டவை:

ஓட்டின் நிறம் கோழியின் பரம்பரையைப் பொறுத்தது. வெள்ளை லெகார்ன் வெள்ளை முட்டையிடும்; ரோட் ஐலண்ட் ரெட் என்ற சீமைக்கோழி பழுப்பு முட்டையிடும். ஆகவே பழுப்பு நிறம் மட்டும் 'நாட்டு' என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

நம் சிறுவிடைக் கோழியின் முட்டை சிறியது, சுமார் 40 கிராம். ஒரு ஈட்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டையிட்டு அடைக்கு உட்காரும். 21 நாளில் குஞ்சு பொரிக்கும். கலப்பினக் கோழி பெரிய முட்டையாக, நிறுத்தாமல் இட்டுக்கொண்டே போகும். அடைக்கு உட்காருவது அபூர்வம். அதன் முட்டையைப் பொரிக்க வைத்தாலும் குஞ்சுகள் தாயைப் போலவே இருக்கும் என்று நம்ப முடியாது.

இந்தக் குழப்பம் அமெரிக்காவிலும் உண்டாம்! தென் அமெரிக்காவின் சிலி நாட்டுக் கோழியின் வழிவந்த அரௌகானா நீல முட்டையிடும். அசல் அரௌகானாவுக்கு வாலே கிடையாது. காதோரம் இறகுக் கொத்து இருக்கும். 1976-ல் அங்கே அதைத் தனி இனமாக அங்கீகரித்தார்கள். 1984-ல் அமெரௌகானாவையும் சேர்த்தார்கள். அதற்கு வாலும் தாடியும் உண்டு. ஆனால் நீலமோ பச்சையோ முட்டையிடும் கலப்புக் கோழிகளைக்கூட இந்தப் பெயர்களில் விற்றுவிடுகிறார்களாம். நீல முட்டைக் கோழியைப் பழுப்பு முட்டைக் கோழியோடு சேர்த்தால் பச்சை முட்டை வரும். பழுப்புச் சாயம் ஓட்டின் மேலே மட்டும்தான்; உடைத்தால் உட்புறம் வெள்ளை. நீலமோ உட்புறமும் நீலம்!

"அப்போ சத்து?" என்று கேட்டேன். "ஓட்டு நிறத்துக்கும் சத்துக்கும் சம்பந்தமே இல்லை. மஞ்சள் கருவின் நிறம் கீரை, மக்காச்சோளம் என்று கோழி தின்பதைப் பொறுத்தது. பிள்ளைத்தாய்ச்சி நன்றாக வேகவைத்துச் சாப்பிடணும், அதுதான் முக்கியம்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கணக்குப் பார்த்தேன். அதிகம் வாங்கிய பணத்தை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். சொல்வதற்குள் நாக்கு ஒட்டிக்கொண்டது. அக்கா முகம் ஒரு கணம் சுருங்கியது. "என் பொண்ணுக்கு ஒண்ணும் கெடுதல் இல்லையே?" என்றார். டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். பணத்தை எண்ணி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

மறுநாள் காலை கிண்ணத்தோடு வந்து நின்றார். "கடை விலைதானே? நாலு கொடு!"

சகோதரிகளே, நாட்டுக் குஞ்சு வேண்டுமானால், தாய்க்கோழி குஞ்சுகளோடு மேய்கிற வீட்டில் பார்த்து வாங்குங்கள். முட்டைக்காக மட்டும் என்றால் கலப்பினமும் நல்லதுதான். விற்கும்போது மட்டும் உள்ளதைச் சொல்லி விற்போம்.