கேட்டைக்கு அருகே ஓர் இருள்

ஆடித் திங்கள் முன்னிரவில் நெடுந்தீவின் கரையில் நின்று தென்வானை நோக்குவார்க்குக் கேட்டை என்னும் செம்மீன் நன்கு புலப்படும். (கேட்டினோடு சேர்த்து அப்பெயருக்குப் பொருள் கூறுவார் உளர், அது சேட்டை என்னும் வடசொல்லின் திரிபேயாம்.) அம்மீனின் வடபால் சிறிதிடம் இருண்டு கிடக்கும். ஒன்றுமில்லா வெளியென நாம் எண்ணும் அவ்விடத்தே, ஏறத்தாழ 390 ஒளியாண்டுத் தொலைவில், ஐதரசன் மூலக்கூறுகளும் நுண்டூசியும் திரண்ட முகில் ஒன்று உளது.

அம்முகிலின் செறிந்த உட்பகுதிகள் பூச்சியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 260 பாகை செல்சியசு குளிர்ந்தவை. அத்துணைக் குளிரில் வாயுவின் அமுக்கம் தளர்தலின், முகில் தன் ஈர்ப்பாலேயே ஒடுங்கும், ஒடுங்குந்தோறும் நடுவிடம் வெம்மையுறும், மீன் பிறக்கும். அப்பிறப்பைத் தூசி நம் கண்ணுக்கு மறைத்துவிடும். ஆயின் சிவப்பினும் நீண்ட அலைகள் தூசியை ஊடுருவி வெளிப்படும்.

அக்கதிரை 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஏர்சல் கண்டறிந்தார். அரியத்தாற் பிரித்த ஞாயிற்றொளியில், சிவப்புக்கு அப்பால் நிறமே தோன்றாத இடத்தில் வைத்த வெப்பமானி ஏறிற்று. தமிழகத்தார் இதனை அகச்சிவப்பு என்பர். நம் நாட்டுப் பாடநூல்கள் செந்நிறக்கீழ் என்னும். அதிர்வெண்ணிற் சிவப்புக்குக் கீழே நிற்றலின் நம்மவர் சொல்லே பொருந்துவதென்பது என் துணிபு. அகம் என்றதும் சிவப்புக்கு உள்ளே எனக் கொண்டு மயங்கிய மாணாக்கர் என் வகுப்பிலேயே உளர். தமிழக நூலைக் கையிலெடுக்கும் நம் பிள்ளை இரண்டும் ஒன்றெனத் தானே உணர்வதெங்ஙனம்? இரு கரையாரும் ஒரு சொல்லுக்கு உடன்படுங்காறும் இரண்டினையும் சேர்த்தே கற்பித்து வருகின்றேன்.

நம் தீவுகளின் வானம் இருண்டதாயினும் இவ்வாய்வுக்கு உதவாது. என்னை? கடற்காற்றின் நீராவி அக்கதிரிற் பெரும்பகுதியை விழுங்கிவிடும். இதுபற்றியே இந்தியர் இமயத்து ஆன்லேயில், 4,500 மீற்றர் உயரத்தில், இரண்டு மீற்றர் ஆடி கொண்ட தொலைகாட்டியை நிறுவினர். தாதா ஆராய்ச்சி நிலையத்தார் ஐதராபாத்திலிருந்து பலூனிலேயே தொலைகாட்டியை ஏற்றி அனுப்பினர்.

2021 டிசெம்பர் 25இல் ஏவப்பட்ட யேம்சு வெப் தொலைகாட்டியோ காற்றையே கடந்து, புவிக்கு 15 இலட்சம் கிலோமீற்றர் அப்பால் நிற்கின்றது. கேட்டையருகு முகிலை அது எடுத்த படம் 2023 யூலை 12இல் வெளியாயிற்று. அதில் ஏறத்தாழ 50 இளமீன்கள் உள. ஒன்றொழிந்த ஏனையவெல்லாம் ஞாயிற்றை ஒத்த, அல்லது அதனிற் குறைந்த, நிறையின. சிலவற்றின் அருகே தூசித்தட்டின் நிழல் படிந்திருக்கின்றது. கோள்கள் திரள்வது அத்தகைய தட்டுக்களிலேதான்.