அக்காவுக்கும் அதுதான் முதல் நாள்

புதிய ஆண்டு தொடங்கும் நாட்களில் எமது கிராமத்து முன்பள்ளி வாசல்களில் ஒரு காட்சியை அடிக்கடி காண்கிறோம். கூலி வேலைக்குப் புறப்பட்ட தாய், நாலரை வயது மகளையும் மூன்று வயது மகனையும் ஒரே நாளில் கொண்டுவந்து சேர்க்கிறாள். சின்னவன் கதறி அழுகிறான். தாய் அவனுடைய கையை மூத்தவளின் கையில் கொடுத்து, "தம்பி அழாமல் பார்த்துக்கொள் பிள்ளை" என்று சொல்லிவிட்டு, அவன் பாராத நேரம் மெல்ல நழுவிவிடுகிறாள்.

தம்பியின் அழுகையை எல்லோரும் கவனிக்கிறோம். அக்காவுக்கும் அதுதான் முதல் நாள் என்பதை எவரும் நினைப்பதில்லை.

மூன்று வயதிலேயே முன்பள்ளிக்கு வரவேண்டிய இவள் ஏன் பிந்தி வந்தாள்? தாய் வேலைக்குப் போக, வீட்டிலே தம்பியைப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. ஐந்து வயது நிறைந்ததும் தரம் 1இல் சேரவேண்டும். ஆகவே இவளுக்குக் கிடைக்கும் முன்பள்ளிக் காலம் சில மாதங்களே. அந்தச் சில மாதங்களிலும் தம்பியைப் பராமரிப்பதே அவள் வேலையானால், அவள் விளையாடுவது எப்போது?

அப்படியானால் இருவரையும் ஒன்றாகச் சேர்ப்பது பிழையா? இல்லை. தாயைப் பிரியும் சிறு பிள்ளைகளின் துயரத்தை ஆராய்ந்த ஆங்கிலேய மனநல மருத்துவர் ஜோன் போல்பி, 1973இல் வெளியிட்ட நூலில் ஒரு முக்கியமான உண்மையை எடுத்துக்காட்டுகிறார். புதிய இடத்தில் சகோதரம் ஒன்று கூட இருந்தால் பிள்ளையின் துயரம் தணிகிறது. அந்தச் சகோதரம் தன்னிலும் இளையதாக, எந்தப் பராமரிப்பும் செய்ய இயலாததாக இருந்தாலும் இது நடக்கிறது. அதாவது, அக்கா பக்கத்தில் இருப்பதே தம்பிக்குப் போதும். அவள் தாயாக மாறவேண்டியதில்லை. அதேபோல, தம்பி பக்கத்தில் இருப்பது அக்காவுக்கும் ஆறுதலே.

1907இல் உரோமை நகரின் ஏழைக் குடியிருப்பொன்றில் தமது முதலாவது 'சிறுவர் இல்ல'த்தைத் தொடங்கிய மரியா மொண்டிசோரி அம்மையாரும் வயது வாரியாகப் பிள்ளைகளைப் பிரிக்கவில்லை. மூன்று முதல் ஆறு வயது வரையானோரை ஒரே அறையில் பழகவிட்டார். பெரியவர்கள் செய்வதைப் பார்த்துச் சிறியவர்கள் கற்றார்கள். ஆனால் ஒவ்வொருவருக்கும் தனக்கென ஒரு வேலை இருந்தது. 1944இல் அவர் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார்.

இனி, நடைமுறையில் நாம் செய்யக்கூடியவை எவை?

பெற்றோர் நழுவிப் போகவேண்டாம். "அம்மா வேலைக்குப் போய், நீங்கள் கஞ்சி குடித்து முடிய வருவேன்" என்று இருவருக்கும் சொல்லி, சொன்னபடி வாருங்கள். மணிக்கூடு தெரியாத பிள்ளைக்கு இப்படிச் சொன்னால்தான் விளங்கும். வர முடியாதென்றால் அம்மம்மாவோ அயலவரோ வருவாரென உண்மையைச் சொல்லுங்கள். ஏமாற்றப்பட்ட பிள்ளை மறுநாள் இன்னும் இறுகப் பிடித்துக்கொள்ளும்.

சாப்பாட்டையும் தண்ணீர்ப் போத்தலையும் வெவ்வேறாகக் கொடுத்துவிடுங்கள். ஒரே பெட்டியில் வைத்தால் அக்கா ஊட்டிவிட்டு, மிஞ்சியதைத் தின்பாள்.

ஆசிரியை முதற் கிழமையில் இருவரையும் அருகருகே இருத்தலாம். ஆனால் தம்பி அழும்போது அக்காவைக் கூப்பிடாமல், தாமே அவனைத் தூக்கவேண்டும். மலசலகூடத்துக்கும் தாமே கூட்டிச் செல்லவேண்டும். அடுத்த கிழமையிலிருந்து அக்காவைச் சற்று நேரம் சம வயதினரோடு விளையாட விடலாம். அவள் எங்கே இருக்கிறாள் என்பது தம்பியின் கண்ணுக்குத் தெரிந்தால் போதும்.

"அக்கா அழவில்லையே, நீ மட்டும் ஏன்?" என்று ஒப்பிடவேண்டாம். அழாத பிள்ளை கவலையில்லாத பிள்ளையல்ல. சில நாட்கள் கழித்து அவள் பாயை நனைக்கலாம். வயிற்றுவலி என்று படுக்கலாம். அடிக்காமல், ஏசாமல், மடியில் இருத்திக் கதைத்துப் பாருங்கள்.

மாலையில் அவளிடம் "தம்பி அழுதவனா?" என்று கேட்பதே எமது வழக்கம். "நீ இன்றைக்கு என்ன விளையாடினாய்?" என்று முதலில் கேட்போம். தம்பிக்காக இன்று விளையாட்டை விடப் பழகிய பெண்பிள்ளை, நாளை வீட்டுக்காகப் படிப்பையும் விட்டுவிடக்கூடும். அந்தப் பழக்கத்தை முன்பள்ளி வாசலிலேயே நிறுத்துவோம்.