சூரியன் கடல்ல மறையாத ஊர்ல வானம் வரையறது எப்படி?

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. கண்ணை மூடி, மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலை மாலை நேரத்துல கற்பனை பண்ணுங்க. சூரியன் எங்க இருக்கு?

கடலுக்குள்ள இறங்கிட்டிருக்குன்னு தோணினா, அந்தப் படம் கோவா போட்டோவோ ஏதோ ஒரு சினிமாவோ உங்க மண்டைக்குள்ள வெச்சுட்டுப் போனது. நம்ம கடல் கிழக்குல இருக்கு. மாமல்லபுரத்துல சூரியன் மறையறது திருக்கழுக்குன்றம் பக்கம், நிலத்துக்குப் பின்னாடி.

இன்னைக்கு டாபிக், கேன்வாஸ்ல வாட்டர்கலர் வெச்சு கற்பனை வானம் வரையறது. போட்டோ பார்த்து காப்பி அடிக்கறது இல்ல, எதிர்ல பார்த்து வரையறதும் இல்ல. அப்போ வானம் எங்கிருந்து வருது?

கற்பனைக்கும் ரூல்ஸ் உண்டு

நான் கோட் எழுதிப் பிழைக்கறவன். அதனால எனக்கு இது இப்படித்தான் புரியுது: கற்பனை வானம்னா, வானத்தோட விதிகளுக்குள்ள நீங்க புதுசா ஒண்ணை ஓட்டிப் பார்க்கறது. விதிகள் மூணு தெரிஞ்சா போதும்.

முதல் விதி, நீலம் எல்லா இடத்துலயும் ஒரே நீலம் இல்ல. காற்று மூலக்கூறுகள் சிவப்பு ஒளியைவிட நீல ஒளியைச் சுமார் 6 மடங்கு அதிகமா சிதறடிக்குது. அதனால தலைக்கு மேல ஆழமான நீலம். அடிவானத்துப் பக்கம் பார்க்கும்போது நடுவுல நிறைய காற்று இருக்கு. ஒளி திரும்பத் திரும்பச் சிதறி வெளுத்துப் போயிடும். கடலோரத்துல ஈரமும் உப்புத் துகளும் சேர்ந்து இன்னும் வெளுப்பாக்கும்.

ரெண்டாவது, மேகத்துக்கும் பர்ஸ்பெக்டிவ் உண்டு. காற்று ஒரு குறிப்பிட்ட உயரத்துல குளிர்ந்துதான் நீராவி துளியாகுது. அதனால ஒரே நேரத்துல உருவாகற குவி மேகங்களோட அடிப்பாகம் ஏறக்குறைய ஒரே மட்டத்துல, தட்டையா இருக்கும். தூரம் போகப் போக சின்னதாகி, நெருங்கி, கோடு மாதிரி ஆயிடும். இதை விட்டுட்டா மேகமெல்லாம் பஞ்சு ஒட்டின மாதிரி இருக்கும்.

மூணாவது, ஊர். செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனா கோடையில வானம் வேற வேற. மதியத்துக்கு மேல கடற்காற்று உள்ள தள்ளிட்டு வரும். அது நிலத்தோட சூடான காற்றை முட்டற இடத்துல மேகம் எழும்பும். கடற்கரையில வானம் தெளிவா இருக்க, கொளவாய் ஏரிப் பக்கம் கருத்துக்கிட்டு நிக்கறது இதனாலதான். ஐப்பசி, கார்த்திகையில கதை தலைகீழ். மழை மேகம் கடல்ல இருந்து வரும்.

சரி, கேன்வாஸ்ல ஏன் சிக்கல்?

வாட்டர்கலர்னா நிறமித் தூளும் கருவேலமரத்து இனப் பிசினும், அதாவது கம் அராபிக்கும் சேர்ந்தது. காகிதத்துல அது நாருக்குள்ள இறங்கி உட்காரும். கடையில வாங்கற சாதாரண கேன்வாஸ்ல ஏற்கெனவே அக்ரிலிக் ஜெஸ்ஸோ பூசியிருப்பாங்க. அதுக்கு உறிஞ்சற சக்தி குறைவு. தண்ணி அங்கங்க திரண்டு நிக்கும்.

அதனால முதல் வேலை, வாட்டர்கலர் கிரவுண்டுன்னு கிடைக்கற உறிஞ்சும் பூச்சை மெல்லிசா ரெண்டு மூணு தடவை அடிச்சு, ஒரு நாளாவது காயவிடறது. அப்புறம் கேன்வாஸைத் தரையில படுக்க வைக்கணும். நிமிர்த்தி வெச்சா வானம் வழிஞ்சு கடலாயிடும்.

பிரஷ்ஷால முழுசா ஈரப்படுத்திட்டு, மேல அல்ட்ராமரைன், கீழ வரவர கோபால்ட், அடிவானத்துல ரொம்ப லேசா மஞ்சள் ஓக்கர். அல்ட்ராமரைனோட பர்ன்ட் சியன்னா கலந்தா மழை மேகச் சாம்பல் கிடைக்கும். ஈரத்து மேல வைக்கறதால விளிம்பு தானா கரையும். மே மாசம் செங்கல்பட்டு மதியத்துல இது நிமிஷத்துல காய்ஞ்சிடும். கடலோரத்துல, காற்றுல ஈரம் இருக்கறதால கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கும்.

வெள்ளை மேகத்துக்கு வெள்ளை பெயின்ட் தேவையில்ல. அந்த இடத்தைத் தொடாம விடலாம், இல்லன்னா ஈர டிஷ்யூவால ஒத்தி எடுக்கலாம். கேன்வாஸ்ல இது காய்ஞ்ச பிறகும் நடக்கும், ஏன்னா நிறம் மேலாப்புலதான் இருக்கு. அதாவது அண்டூ இருக்கு. ஆனா அதுக்கு விலையும் இருக்கு: ரெண்டாவது லேயர் அடிக்கும்போது முதல் லேயரும் கலைஞ்சு வரும். அதனால முடிவை முன்னாடியே எடுத்துட்டு, குறைச்சலா தொடறவங்கதான் பிழைப்பாங்க.

முடிச்சதும் வார்னிஷை ஸ்ப்ரேயா, மெல்லிசா சில தடவை அடிக்கணும். பிரஷ்ல அடிச்சா வானமே துடைச்சுட்டுப் போயிடும். சீல் பண்ணிட்டா கண்ணாடி ஃப்ரேம் தேவைப்படாது. கடலோர வீடுகள்ல கண்ணாடிக்குள்ள ஈரம் புகுந்து காகித ஓவியம் பூஞ்சை பிடிக்கறதைப் பார்த்தவங்களுக்கு இதோட அருமை தெரியும்.

இதெல்லாம் புதுசு இல்ல

1785ல அலெக்சாண்டர் கோசன்ஸ்னு ஒரு ஆங்கில ஓவியர், மைக்கறையில இருந்து நிலக்காட்சியைக் கற்பனை பண்றது எப்படின்னு புத்தகமே போட்டார். அதுல வானங்கள் மட்டுமே 20 படம். எதுவும் குறிப்பிட்ட ஒரு நாளோட வானம் இல்ல. பின்னாடி ஜான் கான்ஸ்டபிள் அந்த வானங்களை உட்கார்ந்து காப்பி பண்ணினார். இவர் யாருன்னா, 1821, 22ல லண்டன் ஹாம்ப்ஸ்டெட்ல நின்னு வானத்தை நேர்ல வரைஞ்சு, பின்பக்கம் தேதி, மணி, காற்றுத் திசைன்னு குறிச்சு வெச்ச ஆள். அவ்வளவு கவனமா பார்த்தவருக்கும் கற்பனை வானம் தேவைப்பட்டிருக்கு.

நம்ம பக்கம் வாங்க. 1966ல ஈஞ்சம்பாக்கத்துல சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கின கே.சி.எஸ். பணிக்கர், ஆரம்ப காலத்துல வாட்டர்கலர் நிலக்காட்சிகள் வரைஞ்சவர். ஈஞ்சம்பாக்கம் அப்போ செங்கல்பட்டு மாவட்டம். படம் வித்து மட்டும் வாழ முடியாதுன்னு அங்கிருந்த ஓவியர்கள் பாட்டிக் துணி பண்ணிப் பிழைச்சாங்க. பாட்டிக்ல நிறம் வேண்டாத இடத்தை மெழுகு பூசிக் காப்பாத்துவாங்க. வாட்டர்கலர்ல வெள்ளையைக் காப்பாத்தறதும் அதே யோசனைதான்.

இன்னும் 1,300 வருஷம் பின்னாடி போனா, மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசு. ஏறக்குறைய 29 மீட்டர் நீளம், 13 மீட்டர் உயரம். அதோட மேல்பாதி வானம்தான். ஆனா நீலம் கிடையாது. நடுவுல இருக்கற பிளவை நோக்கி, காலை மடக்கிப் பறந்து வர்ற தேவர்களை வெச்சே பல்லவச் சிற்பி கருங்கல்லை ஆகாயமாக்கிட்டான்.

எதுக்கு இவ்வளவு பாடு?

நியாயமான கேள்வி. போன் கேமரா நொடியில வானத்தைப் பளிச்சுன்னு ஆக்கிக் கொடுக்குது. ஏஐ கிட்ட கேட்டா நூறு வானம் வரும். நான் அந்தத் துறையிலயே இருக்கேன், அதைக் குறை சொல்லப் போறதில்ல. என் பயம் வேற. அடிக்கடி பார்க்கற படம் நம்ம ஞாபகத்தை மாத்தி எழுதிடுது. சொந்த ஊர்க் கடல்ல சூரியனை மறைய வைக்கற அளவுக்கு. கற்பனை வானம் வரையறவங்க அந்த ஞாபகத்தைத் தினமும் சரிபார்த்துக்கறாங்க.

ஒரு ஹோம்வொர்க். இந்த வாரம் மாமல்லபுரமோ கோவளமோ போனா, சூரியன் மறைஞ்ச அடுத்த 10, 15 நிமிஷம் கடலைப் பார்த்து நில்லுங்க. தெளிவான நாளா இருந்தா, கிழக்கு அடிவானத்துல சாம்பல் நீலமா ஒரு பட்டை எழும்பும். அது பூமியோட நிழல். அதுக்கு மேல இளஞ்சிவப்புப் பட்டை, பெல்ட் ஆஃப் வீனஸ்னு பேரு. போட்டோ எடுக்காதீங்க. வீட்டுக்கு வந்து ஞாபகத்துல இருந்து வரையுங்க. கேன்வாஸ் இல்லன்னா பழைய நோட்டு போதும்.

வரைஞ்சதை எனக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.