பாலைச் சாலையில் பால் கெடாதிருக்க

தெற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் அகஸ்டாவில் தொடங்கி வடக்கே டார்வின் வரை ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர் ஓடுகிறது ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை. வழியில் கிளெண்டாம்போவைத் தாண்டிவிட்டால், கூபர் பீடி வரும்வரை சுமார் 250 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் பங்க் கிடையாது. கோடையில் வெயில் 40 டிகிரியை எளிதாகத் தாண்டும். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பொருத்திய கேம்பர் வேனில் குடும்பத்தோடு இப்படிப் போகிறவர்களுக்கு, எஞ்சினுக்கு அடுத்தபடியாக முக்கியமான இயந்திரம் அந்த வண்டியிலிருக்கும் சின்ன ஃப்ரிட்ஜ்தான். அதை வாங்கப் போகும் எல்லோரும் "எத்தனை லிட்டர்?" என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. வெளியே 40 டிகிரி கொதிக்கும்போது இந்தப் பெட்டி ஒரு நாளைக்கு எவ்வளவு மின்சாரம் எடுக்கும்?

எந்த இயந்திரமும் குளிரைத் தயாரிப்பதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுகிறது. வெப்பம் தானாகப் பாய்வது சூட்டிலிருந்து குளிரை நோக்கித்தான். அதை எதிர்த்திசையில் ஏற்ற, கிணற்று நீரை இறைப்பதுபோல உழைக்க வேண்டும். கிணறு ஆழமாக ஆக உழைப்பும் கூடும். அந்த உழைப்பைச் செய்ய மூன்று வழிகள் சந்தையில் இருக்கின்றன. மூன்றும் மூன்று விதமான அதிசயங்கள்.

முதலாவது, கார் உதிரிபாகக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மின்வெப்பப் பெட்டி. கடிகாரத் தொழிலை விட்டு இயற்பியலுக்கு வந்த ழான் பெல்டியே என்ற பிரெஞ்சுக்காரர், 1834-ல் இரண்டு வேறு உலோகங்கள் சேரும் இடத்தில் மின்சாரம் பாய்ச்சி, அந்த இணைப்பு குளிர்வதைக் கண்டார். இன்று உலோகத்துக்குப் பதில் பிஸ்மத் டெல்லுரைடு என்ற குறைக்கடத்தித் துண்டுகளை இரண்டு பீங்கான் தகடுகளுக்கு நடுவே அடுக்கியிருக்கிறார்கள். ஒரு தகடு குளிரும், மறு தகடு சுடும். அசையும் பாகம் ஒரு விசிறி மட்டுமே. எளிமையான கருவிதான், ஆனால் அதில் பெரிய குறை ஒன்று உண்டு. சூடான தகட்டுக்கும் குளிர்ந்த தகட்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர்தான் இடைவெளி. அனுப்பிய வெப்பத்தில் பெரும்பங்கு அந்த வழியாகவே திரும்பி வந்துவிடுகிறது. அதனால் இந்தப் பெட்டிகள் வெளிவெப்பத்தைவிடச் சுமார் 20 டிகிரிதான் குறைக்கும். வெளியே 40 என்றால் உள்ளே 20. அதில் பால் தாங்காது. பெரும்பாலானவை இடைவிடாமல் வேறு ஓடும். 48 வாட் பெட்டி ஒரு நாளில் 1,100 வாட்-மணிக்கு மேல் தின்றுவிடும்.

இரண்டாவது வழிதான் என்னை இன்றுவரை வியக்க வைப்பது. நெருப்பைக் கொண்டு குளிர வைப்பது. 1922-ல் ஸ்டாக்ஹோமில் பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முன்டெர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் இதை உருவாக்கினார்கள். மூடிய எஃகுக் குழாய்களுக்குள் அமோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றும் இருக்கும். அடியில் ஒரு சிறிய கேஸ் சுடர். சூடு பட்டதும் தண்ணீரில் கரைந்திருந்த அமோனியா ஆவியாகப் பிரிந்து மேலேறுகிறது. உச்சியில் ஆறி, திரவமாகி, கீழே வழிகிறது. அங்கே ஹைட்ரஜன் காத்திருக்கிறது. அழுத்தத்தில் பெரும்பங்கை ஹைட்ரஜனே ஏற்றுக்கொள்வதால், அமோனியாவின் பங்கு அழுத்தம் சட்டென்று குறைகிறது. குறைந்ததும் அது குளிரிலேயே ஆவியாகிறது. ஆவியாகத் தேவையான வெப்பத்தை ஃப்ரிட்ஜின் உள்ளேயிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. அமோனியா கலந்த கனமான வாயு தாழ இறங்க, தண்ணீர் அந்த அமோனியாவை மறுபடி கரைத்துக்கொள்ள, லேசான ஹைட்ரஜன் தன் இடத்துக்கு ஏறிப்போகிறது. மோட்டார் இல்லை, வால்வு இல்லை, சத்தமே இல்லை. ஐன்ஸ்டைனும் லியோ சிலார்டும்கூட 1920-களில் அசையும் பாகமில்லாத ஃப்ரிட்ஜ்களை வடிவமைத்துக் காப்புரிமை பெற்றார்கள்.

பிளாட்டன்-முன்டெர்ஸ் குழாய்களில் திரவத்தைக் கீழே வழியவைப்பது புவியீர்ப்புதான். ஆகவே வண்டி சரிவில் நின்றால் வழிய வேண்டிய திரவம் வழியாமல் தேங்கிவிடும். கொதிகலன் வறண்டு அளவுக்கு மீறிச் சூடாகும், குழாய் அமைப்பே கெட்டுப்போகலாம். சில டிகிரி சாய்வே இதற்குப் போதும். பேட்டரியில் ஓட்டினால் சுடருக்குப் பதில் 100 வாட்டுக்கு மேற்பட்ட ஹீட்டர் எரிய வேண்டும், அது சில மணி நேரத்தில் பேட்டரியைக் காலி செய்துவிடும். கடும் வெயிலில் குளிர்ச்சியும் தளரும். சமதளத்தில், மிதமான வெயிலில், கேஸ் சிலிண்டரோடு வாரக்கணக்கில் ஒரே இடத்தில் தங்குபவர்களுக்கு இதைவிட நல்ல ஃப்ரிட்ஜ் இல்லை. தினமும் இடம் மாறுகிறவர்களுக்கு ஒத்துவராது.

மூன்றாவது, நம் வீட்டிலிருக்கும் அதே கம்ப்ரசர் வகை. லண்டனில் வாழ்ந்த அமெரிக்கர் ஜேக்கப் பெர்கின்ஸ் இதற்குக் காப்புரிமை பெற்றதும் அதே 1834-ல்தான். அதைத் தொழிலாக வளர்த்தவர்களில் முன்னோடி ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகரப் பத்திரிகை ஆசிரியர் ஜேம்ஸ் ஹாரிசன். அச்செழுத்துகளை ஈதர் கொண்டு துடைக்கையில் உலோகம் சில்லிட்டுப்போவதைக் கவனித்தவர், 1850-களில் ஈதரை வைத்தே பனிக்கட்டி இயந்திரம் கட்டினார். இன்று ஈதர் போய் வேறு வாயுக்கள் வந்துவிட்டன, ஆவியாகும் திரவம் வெப்பத்தை உறிஞ்சும் என்ற தத்துவம் மாறவில்லை. 12 வோல்ட்டில் ஓடும் சிறிய கம்ப்ரசர்களில் பெயர்பெற்றது டான்ஃபாஸ் நிறுவனத்தின் வரிசை, இப்போது அது செகாப் என்ற பெயரில் வருகிறது. 30 டிகிரி சாய்விலும் ஓடும் பெட்டிகள் உண்டு. உறைநிலைக்குக் கீழேயும் இறங்கும். குளிர்ந்ததும் நின்றுகொள்ளும்.

இனிக் கணக்கு. 40 லிட்டர் பெட்டி, 5 சென்டிமீட்டர் பாலியூரிதேன் சுவர், வெளியே சராசரி 35 டிகிரி, உள்ளே 5 என்று வைத்துக்கொள்வோம். சுவர் வழியே இடைவிடாமல் சுமார் 13 வாட் வெப்பம் கசியும். ஒரு நாளைக்கு 310 வாட்-மணி. ஒரு வாட் மின்சாரத்துக்கு ஒன்றரை வாட் வெப்பத்தை வெளியேற்றும் கம்ப்ரசருக்கு இதற்கு மட்டும் 200 வாட்-மணி மின்சாரம் வேண்டும். சுவர் பாதித் தடிமன் என்றால் கசிவு ஏறத்தாழ இரட்டிப்பாகும். அதே பெட்டியை ஃப்ரீசராக்கி மைனஸ் 18-க்கு இறக்கினால் கசிவு 23 வாட்டுக்கு ஏறும், கம்ப்ரசரின் திறனும் குறையும். இரண்டும் சேர்ந்து மின்செலவை 550 வாட்-மணிக்குக் கொண்டுபோய்விடும். 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரியில் கெடாமல் எடுக்கக்கூடியது பாதி, அதாவது 600 வாட்-மணி. ஃப்ரிட்ஜாக மறுபடி சார்ஜ் ஏற்றாமலே ஏறத்தாழ மூன்று நாள் தாங்குவது, ஃப்ரீசராக ஒரே நாளில் முடிந்துவிடும்.

"மூடியைத் திறக்காதே, குளிர் போய்விடும்" என்று பிள்ளைகளை அதட்டுகிறோம். அதையும் கணக்குப் பார்க்கலாம். 40 லிட்டர் காற்றின் எடை 50 கிராம்கூட இல்லை. அதை 30 டிகிரி குளிர்விக்க ஒன்றரை கிலோஜூல் போதும். டார்வின் போன்ற புழுக்கமான ஊரில் காற்றோடு வரும் ஈரம் உள்ளே நீர்த்துளியாகப் படியும்போது இன்னும் 2 கிலோஜூல் சேரும். காற்றைவிட அதிலிருக்கும் ஈரம்தான் அதிகச் சுமை. ஆனாலும், 35 டிகிரியில் இருக்கும் ஐந்து லிட்டர் தண்ணீரை உள்ளே வைத்தால் 630 கிலோஜூல் வெளியேற வேண்டும். நூற்றைம்பது முறைக்கு மேல் மூடியைத் திறப்பதற்குச் சமம்! பிள்ளைகளை விட்டுவிடுங்கள், உள்ளே வைக்கும் தண்ணீரைக் கவனியுங்கள். கிளம்புமுன் வீட்டு மின்சாரத்திலேயே பெட்டியையும் பொருள்களையும் குளிரவைத்துவிட்டால் பேட்டரியின் முதல் நாள் பாரம் வெகுவாகக் குறையும்.

நல்ல கம்ப்ரசர் பெட்டியே நள்ளிரவில் நின்றுபோவதுண்டு. பலர் உடனே பெட்டியைக் குறை சொல்வார்கள். ஒயரைப் பாருங்கள். பேட்டரியிலிருந்து பின்பக்கம் 5 மீட்டர், திரும்பி வர 5 மீட்டர். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 5 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே ஏறத்தாழ 0.9 வோல்ட் போய்விடும். பேட்டரி நன்றாக இருக்கும்போதே பெட்டியின் பாதுகாப்புச் சுற்று அது தீர்ந்துவிட்டதாக எண்ணி நிறுத்திக்கொள்ளும். நான்கு சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் இழப்பு கால் பங்காகும். சிகரெட் லைட்டர் துளையை நம்பாமல், ஃபியூஸ் வைத்துத் தனி ஒயர் இழுப்பது நல்லது.

இந்தச் சாலைக்கு என் தேர்வு, தடித்த சுவருள்ள கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ், மேலே திறக்கும் மூடி, கம்ப்ரசர் இருக்கும் பக்கம் காற்றோட்டம், கூரையில் ஒரு சோலார் பேனல். பணம் போதாவிட்டால் லிட்டரைக் குறைத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் திரையில் தெரியும் எண் உணரி இருக்கும் ஓர் இடத்தின் வெப்பநிலை மட்டுமே. அடிப்பாகமும் குளிர்சுவரை ஒட்டிய இடமும் அதைவிடக் குளிர்ந்திருக்கும். இன்சுலின் எடுத்துச் செல்பவர்கள் அதைச் சுவரிலிருந்து தள்ளி, 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கும்படி, பக்கத்தில் ஒரு தனி வெப்பமானியோடு வையுங்கள். ஒருமுறை உறைந்துவிட்ட இன்சுலின் உருகிய பிறகும் பயன்படாது.