உங்கள் குழந்தை சேர்ந்திசைக்குத் தேறுமா?

பள்ளிக்கூடத்தில் சேர்ந்திசைக் குழுவுக்கு ஆள் எடுக்கிறார்கள். உங்கள் மகள் பேர் கொடுத்திருக்கிறாள். தேறுவாளா?

பலர் கூடி ஒன்றாகப் பாடுவதே சேர்ந்திசை. தமிழ்நாட்டில் இதைப் பரப்பியவர் சினிமா இசை அமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் (1925–1988). 1970-ஆம் ஆண்டு வாக்கில் சென்னையில் இளைஞர் சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கினார். பள்ளிப் பிள்ளைகளையும் பல மொழிப் பாடல்களைக் கூடிப் பாட வைத்தார்.

எதைப் பார்ப்பார்கள்?

ஆசிரியர் ஒரு சுரத்தைப் பாடிக் காட்டுவார். பிள்ளை அதை அப்படியே திருப்பிப் பாட வேண்டும். இது காதுக்கு வைக்கும் சோதனை! அடுத்து, தாளம் தட்டச் சொல்வார். பிறகு இரண்டு, மூன்று பேரைச் சேர்த்துப் பாட விடுவார். அங்கேதான் விஷயம் இருக்கிறது. எவ்வளவு இனிய குரலானாலும், பக்கத்துக் குரலை அமுக்கினால் குழுவுக்கு ஆகாது.

குரல் உடைந்தால்?

ஏறக்குறைய 12 முதல் 15 வயதுக்குள் பையன்களுக்குக் குரல்வளை பெரிதாகிறது. குரல் தடித்து, இறங்குகிறது. அப்போது பாட்டு பிசகினால் அது குறை அல்ல, வயதின் வேலை. சில மாதம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும்.

சொல்லக் கூடாத சொல்

சேர்வராயன் மலையில் உள்ள நாகலூர் ஆனாலும், பட்டணம் ஆனாலும் ஆசிரியர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. "உனக்குப் பாட்டே வராது" என்று சொன்னால், அந்தப் பிள்ளை பிறகு வாயே திறக்காமல் போகலாம். "இந்தத் தடவை இல்லை, பழகிவிட்டு வா" என்று சொல்லுங்கள்.

தாய்மார்களே! தேறாத பிள்ளையை வீட்டில் பாட விடுங்கள். கேட்கக் கேட்கக் காது பழகும். காது பழகினால் சுரம் பிடிபடும்.